தாம்பூலத் தட்டில் வைத்த சான்றிதழ்

கோயமுத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

போனில் சொன்னால் என் குரலைக் கேட்டே அம்மா பயந்துவிடுவாள், அதனால் எழுதுகிறேன். கடையில் துணி மடிக்கும்போது வயிற்றுவலி வந்து உட்கார்ந்துவிட்டேன். பித்தப்பையில் கல்லாம். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் இந்த மாதத்துக்குள் செய்துவிட வேண்டுமாம்.

ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, நீங்க எந்த ரேஷன் கார்டுலயும் இல்லீங்களே. கார்டுல பேரில்லாம காப்பீடு கெடைக்காதுங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பே நம் கார்டிலிருந்து என் பெயரை நீக்கி, அந்தச் சான்றிதழைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தீர்களே அப்பா. மாமியார் அதற்கு மஞ்சள் தடவி, கொடுமுடி வீட்டு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டார். இரண்டு வருடமாகியும் யாரும் தாலுகா ஆபீசில் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் போயிருக்கிறார், வரப் பத்து நாளாகும்.

இந்தக் கடிதம் கிடைத்ததுமே நீங்கள் அந்தியூரிலிருந்து கொடுமுடி போய், அந்தச் சான்றிதழையும் மாமனாரின் கையெழுத்தையும் வாங்கி, அவர்கள் கார்டில் என்னைச் சேர்க்கத் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுங்கள். மாமியாரிடம் கோபப்பட வேண்டாம். நேற்றும் வலி வந்தது, அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அப்படியே இங்கே வரும்போது, நம் வீட்டில் என் பெயர் பொறித்த டம்ளர் இருக்குமே, அதை எடுத்துவாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நாமே கொண்டுபோக வேண்டுமாம். இங்கேயும் டம்ளர் இருக்கிறது. இருந்தாலும் அதையே கொண்டுவாருங்கள்.

கடை திறக்கும் நேரம், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
மதிவதனி