சதுப்புவெளியில் நீட்டிய கடிதம்

1987 ஜூன், ஞாயிறு இரவு.

நித்திரை வரவில்லை. இன்று ஒன்பது வயது மகள் சுகந்தியை விம்பிள்டன் பக்கத்துச் சதுப்புவெளிக்கு நடக்கக் கூட்டிப் போனேன். தும்பி பார்த்துப் படம் வரைய வேண்டுமாம், டீச்சர் சொன்னாவாம். கோயிலுக்குப் போடும் சப்பாத்தோடு போன நான், பத்து நிமிடத்திலேயே ஒரு காலைச் சேற்றுக்குள் விட்டேன். "பாத்து நடவுங்கோ அப்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பற்றைப் புதர்கள் தொடங்கும் மேட்டில் பச்சைச் சீருடை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். அவர் வாய் திறக்குமுன் என் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. இந்த நாட்டில் இருக்கலாம் என்று அரசாங்கம் தந்த கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். தொப்பியையும் கழற்றினேன். ஊரில் ஆமிக்காரன் மறிக்கும்போது பழகியது. மனுஷன் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நிலத்தில் குருவி அடைகாக்கிறது, மற்றப் பக்கத்தால் சுற்றிப் போங்கள் என்று சொல்லத்தான் அந்த வெளியின் காவல்காரர் வந்திருக்கிறார். அடைகாக்கும் குருவிக்கு அகதிக் கடிதம் காட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இதற்குச் சுகந்தி சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் கேட்டாள்.

"அப்பா, என்னட்டைக் கடிதம் இல்லையே. என்னைப் பிடிப்பினமோ?"

"சீச்சீ. இது லண்டன், பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்."

குரல் சரியாகத்தான் வந்தது.

"அப்ப ஏன் என்ரை கையை இப்பிடி இறுக்கிறியள்? நோகுது அப்பா."