மாப்பிள்ளை வண்டிக்குப் பட்ட கண்

மணியம்மைக்கு,

சோறு வடித்தாயிற்று. மாப்பிள்ளையோடு மலைக்கோயிலிலிருந்து வந்ததும் சாப்பிடு. அவர் வண்டிக்கு உன் புருஷன் கண் பட்டுவிட்டது என்று நேற்றிலிருந்து நீ அவனோடு பேசவில்லை. அதனால்தான் இந்தச் சீட்டு.

பெரிய வண்டிதான், இல்லை என்று யார் சொன்னது? முன் சீட்டில் மழை பெய்தால் பின் சீட்டுக்காரனுக்கு மறுநாள்தான் தெரியும். அதற்குப் பின்பக்கம் பாரம் தாங்க இரும்புப் பட்டைக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பை. பூஜை போட்ட அன்று, அடியில் இருக்கிற திருஷ்டியும் போகட்டும் என்று கற்பூரம் எரிகிற பூசணிக்காயை வண்டிக்கு அடியிலேயே தள்ளினார் அந்த மேதை. விடிந்ததும் வலது பக்கம் எருமை மாதிரிப் படுத்துவிட்டது.

"கண்ணுதான் அத்தே! மாமா பாத்துகினே நின்னாரு!" என்று இன்னொரு பூசணி தள்ளினார். இடது பக்கமும் படுத்தது.

இன்று உன் புருஷன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். பை இரண்டும் பழுதில்லை. அவற்றுக்குக் காற்று போகிற குழாய்கள்தான் தீய்ந்து நுரை தள்ளின. ஒன்றில் பூசணி விதைகூட ஒட்டியிருந்தது.

தீய்ந்த துண்டுகளை வெட்டிக்கொண்டு லாரிப் பட்டறைக்குப் போகிறான். லாரி பிரேக் குழாயே சேரும் என்கிறான் பட்டறைக் கோதண்டம்.

கற்பூர டப்பாவைத் தேடாதே, உன் புருஷன் சட்டைப்பையில் இருக்கிறது.

பி.கு: விதை ஜன்னலில் காய்கிறது. மாப்பிள்ளைக்குக் காட்டு.

இன்னொன்று: உன் புருஷன் வந்ததும் ஒரு வார்த்தை பேசு. திட்டுவதானாலும் வாயைத் திறந்து திட்டு.

இப்படிக்கு, அதே புருஷன்.