அந்தக் காரணம் செல்லாது

கீழ்பென்னாத்தூர்,
ஐப்பசி 20.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, குசுமாவதி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் நம் பிள்ளை அக்ஷயாவும் நலம். மல்லாட்டை பிடுங்கி, கடலையை உதிர்த்தாயிற்று. நான்கு நாளாகத் தூறல் விடவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. தொழுநோய் முழுதும் குணமாகி மூன்று வருடம் ஆகிறது. இன்னும் அந்த மறுவாழ்வு இல்லத்திலேயே இருந்துகொண்டு, நோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கிக்கொள், உனக்கும் பிள்ளைக்கும் அதுதான் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், போனேன். வேங்கிக்காலில் ஆர்த்தி என்று ஒரு வக்கீல். கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா, அந்தக் காரணம் செல்லாதுங்க. 2019லயே சட்டத்துலருந்து எடுத்துட்டாங்க. இந்த நோய் வந்தவங்கள ஒதுக்கக்கூடாதுன்னு ஐ.நா. சபையில தீர்மானம் போட்டாங்க. நம்ம நாடும் ஒத்துக்கிச்சு. அப்புறம் இங்கயும் மாத்தினாங்க" என்றார். "வேற காரணம் இருக்கா? அடிச்சாரா? குடிப்பாரா?" என்று கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். "இல்லைங்க" என்றேன். "ரெண்டு பேரும் சம்மதிச்சா வாங்கலாம்" என்றார். "எனக்குச் சம்மதமில்லைங்க" என்று என் வாய் சொன்னது. அதுவரை எனக்கே தெரியாது.

வெளியே வந்தால் எப்போதும் எதிரே தெரியும் மலையைக் காணோம், மேகம் மூடிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சபையை நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கோ ஒரு பெரிய மண்டபம், நமக்குத் தெரியாத பாஷைகள், நம் ஊர்ப் பெயரைக்கூடக் கேட்டிராத மனிதர்கள். அத்தனை பேரும் உங்களுக்காகக் கை தூக்குவது போலிருந்தது. அப்படியே கண் அசந்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மரத்த விரல்கள் என் கைமேல் இருந்தன. நான் கையை எடுக்கவில்லை. கண்டக்டர் எழுப்பியபோது நம் ஸ்டாப்பைத் தாண்டியிருந்தது. மழையிலேயே திரும்பி நடந்தேன்.

அந்த மண்டபத்துக்காரர்களுக்கு நம் சமையலறை தெரியாது. மாத்திரை ஆரம்பித்துவிட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும், உங்கள் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தது நான்தான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நீங்களே அவற்றைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். மறு வாரம் கிளம்பிவிட்டீர்கள். வைத்தியத்துக்குப் போகிறார் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

வரும் ஞாயிறு நானும் அக்ஷயாவும் அங்கே வருகிறோம். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு எங்களோடு பஸ் ஏறுங்கள், போதும். பகல் வண்டி கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சாப்பிட்டுவிடலாம், மூன்று பேரும்.

உங்கள்
குசுமா