அழுக்காகாத ஜெர்சி

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் கதவு இன்றும் மூடவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் அத்தனையையும் இரண்டாம் நம்பரிலேயே போட்டுத் தள்ளினோம். முதுகு விட்டுப்போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அப்பா, கிளப் என்னாச்சு?"

பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து அணி கிடையாது. சந்தில் கிடக்கிற காலி டப்பாவை உதைக்காமல் அவளால் நடக்க முடியாது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர் வந்ததே அதனால்தான். இரண்டு கிளப்புகள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் டயர்க்கடைக்காரர் நடத்துவது. பத்து நிமிட நடை, கட்டணம் சொற்பம், எதிர்வீட்டுப் பெண்ணும் அங்கேதான் ஆடுகிறாள். இன்னொன்று நகரத்தின் அந்தக் கோடியில். வேன் வந்து கூட்டிப்போகும். கட்டணம் எங்கள் இரண்டு மாத வாடகை.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பக்கத்துல இருக்கறதுல சேத்துடுங்க."

யோசிக்க ஒன்றும் இல்லைதான்.

மார்ச் 6, வெள்ளி

டயர்க்கடைக்காரரைப் பார்த்தேன். கோல் கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். கை கொடுக்க நீட்டியவர், விரலில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு அவரே மடக்கிக்கொண்டார். நல்ல மனிதர். கட்டணம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். ஒவ்வொரு வீடும் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். ஒருவர் மைதானத்தில் கோடு போடுகிறார், ஒருவர் தண்ணீர் சுமக்கிறார், பந்துக்குக் காற்றடிப்பது ஒரு தையல்காரர்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரி லாண்டரியில."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "துணி துவைக்கறவரா! அடடா, இத்தனை நாளா எங்க இருந்தீங்க? ஜெர்சி கவலை விட்டுச்சு போங்க!"

சுற்றி நின்ற நான்கைந்து அப்பாக்கள் சிரித்தார்கள். கேலி இல்லை, சந்தோஷச் சிரிப்பு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காது இரண்டும் சூடாகிவிட்டன. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பகல் முழுக்க ஊரார் அழுக்கு. சாயங்காலமுமா?

மார்ச் 7, சனி

வீட்டில் சொல்லிவிட்டேன் — அங்கே இடம் இல்லையாம் என்று.

வாலு கேட்டாள், "அப்ப அடுத்த வருஷமாவது?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

மார்ச் 15, ஞாயிறு

வேன் கிளப்பில் சேர்த்தாயிற்று. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, சுவர் முழுக்கக் கோப்பைகள். படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். மருத்துவமனை ஊழியர் என்று எழுதினேன். பொய் இல்லையே!

ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும், பாதியில் விலகினால் திரும்பாது. கடைவாய்ப் பல்லுக்கு உறை போட மனைவி சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். "பல்லு எங்க ஓடிடப்போகுது."

ஏப்ரல் 2, வியாழன்

மனைவி இடது பக்கமாகவே மெல்லுகிறாள். கேட்டால், "பழகிடுச்சு" என்கிறாள்.

ஏப்ரல் 25, சனி

போட்டிகள் சனிக்கிழமைகளில்தான். எங்கள் இருவருக்குமே அன்று வேலை. ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்தவளின் ஜெர்சி, அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல் இருந்தது.

"என்னடி, அழுக்கே காணோம்? இப்படியே போனா அப்பா பிழைப்பு என்னாகறது?" என்று கிண்டல் பண்ணினேன். மனைவி சிரித்தாள். வாலு சிரிக்கவில்லை. நேரே குளிக்கப் போய்விட்டாள்.

மே 9, சனி

இன்றைக்கு ஜெர்சி நிறையச் சேறு.

இருபது வருடமாகத் துணி பிரிக்கிற மேசையில் நிற்கிறேன். போர்வையில் இருக்கிற கறையைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான் என்று சொல்லிவிடுவேன். மைதானத்தில் விழுந்தால் சேறு ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போகும், நூலுக்குள் ஏறும், கூடவே புல்லின் பச்சையும் ஒட்டும். கால்சட்டை, காலுறை எதுவும் தப்பாது. இதில் மார்பில் மட்டும் சேறு. மேலிருந்து கீழே நான்கு கோடுகள். நான்கு சின்ன விரல்கள். கால்சட்டை பளிச்சென்று இருக்கிறது.

"இன்னிக்கு நல்லா ஆடினியா?"

"ம். விழுந்தேன்பா."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை? கேட்டால் சொல்லிவிடுவாள். அவள் சொல்லிவிட்டால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டிவரும்.

துவைத்துப் போட்டேன். ஒரே அலசில் போய்விட்டது.

மே 30, சனி

இன்றும் சேறு. இந்த முறை கால்சட்டையிலும் தடவியிருக்கிறாள். கற்றுக்கொள்கிறாள்.

ஜூன் 13, சனி

யாரிடமும் சொல்லாமல் ஷிப்டை மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் ஏறிப் போய்விட்டேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். பயிற்சியாளர் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் முடிந்தது, மற்றவர்கள் வேனுக்கு ஓடினார்கள். என் மகள் குழாயடிக்குப் போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து சேற்றை அள்ளி மார்பில் தடவினாள். தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். போதாது என்று நினைத்தாளோ என்னவோ, முழங்கையிலும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டாள்.

கூப்பிட வேண்டியதுதானே? பேரைச் சொல்லி ஒரு குரல் — வேலிதானே நடுவுல இருந்துச்சு, மலையா இருந்துச்சு? கால் நகரல. நானெல்லாம் என்ன அப்பன்?

ஜூன் 19, வெள்ளி

வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாலு எதிரே வந்து நின்றாள்.

"டயர்க்கடை கிளப்புல அப்ப இடம் இருந்துச்சாமேப்பா. எதிர்வீட்ல சொன்னா."

"ஆமா. இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இல்லன்னு சொன்ன?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? சொல்லிவிட்டேன். எல்லார் ஜெர்சியையும் அப்பாவைத் துவைக்கச் சொன்னார்கள், அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது என்று.

"என் ஜெர்சிய நீதானே துவைக்கற?"

குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவளே பேசினாள். "அங்க என்னை ஆட விட மாட்டாங்கப்பா. அழுக்கே காணோம்னு நீ சொன்னியா… பணமெல்லாம் கட்டியிருக்கீங்க… அதான் நானே பூசிக்கிட்டேன்."

"தெரியும்டா" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்படி ஒரு பார்வை பார்த்தாள். "தெரியுமா? தெரிஞ்சும் கேக்கலயா?"

ஜூன் 20, சனி

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "பணம் போனா போகட்டும். ஒரு பிள்ளை நமக்குப் பயந்து அழுக்கைத் தேடிப் பூசியிருக்கு. அதை எங்க கொண்டு போய்க் கழுவுவீங்க?"

வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வாலு போகவில்லை.

ஜூலை 3, வெள்ளி

டயர்க்கடைக்குப் போனேன். இந்த வருடப் போட்டிகளுக்குப் பதினான்கு பேரின் பெயரை எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம். "மார்ச்லயே சேத்திருக்கலாமே சார். ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன்." சார் என்று அவர் கூப்பிட்டது வேறு குத்தியது.

"ஜெர்சி எல்லாம் இனிமே நான் துவைக்கறேன்" என்றேன்.

"உங்க பொண்ணுதான் ஆடலியே, உங்களுக்கு எதுக்கு?"

"இருக்கட்டும்."

வீட்டில் வாலுவிடம் சொன்னேன். "வேணாம்பா. எனக்கு ஆட்டமே மறந்துபோச்சு." சந்தில் டப்பா கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

ஜூலை 19, ஞாயிறு

பதினான்கு ஜெர்சி. முதுகு வலி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தேன். வாலு வந்து படியில் உட்கார்ந்தாள். ஒன்றரை மாதத்தில் அவளாக என் பக்கத்தில் வந்தது இன்றுதான். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

ஏழாம் நம்பரை விரித்துக் காட்டினேன். "இவ இடது பக்கமா விழுந்திருக்கா பாரு. பச்சை எந்தப் பக்கம் இழுத்திருக்கு?"

வாங்கிப் பார்த்தாள். "என்னோடதுலயும் இப்படித்தான் கண்டுபிடிச்சியா?"

"ஆமா."

சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். எழுந்து போகவில்லை. பதினான்காவதைக் கொடியில் போடும்வரை இருந்தாள்.

செப்டம்பர் 13, ஞாயிறு

எதிர்வீட்டுப் பெண் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே கிளம்பினாள். போன வாரமும் போனாள். மனைவிக்குப் பல்லில் வீக்கம், டாக்டர் பிடுங்கிவிடலாம் என்கிறார். உறை போடும் கட்டம் தாண்டிவிட்டதாம்.

அக்டோபர் 4, ஞாயிறு

எண்ணிப் பார்த்தேன், பதினைந்து. தவறாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். பதினைந்துதான்.

மூட்டையின் அடியில், உள்புறம் வெளியே வரும்படி சுருட்டி வைத்திருந்த ஒரு சட்டை. அச்சடித்த எண் இல்லை, டயருக்குக் குறி போடுகிற மஞ்சள் பெயின்ட்டால் 15 என்று எழுதியிருந்தது. வலது முழங்கையில் சேறு நூலுக்குள் ஏறி, தோள்வரை ஒரே இழுப்பாக இழுத்திருந்தது. பக்கத்திலேயே பச்சை. எந்தக் கையும் அதைத் தடவவில்லை.

வாலு படியில் கிளிப் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"விழுந்தியா?"

"ம். பலமா."

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

இரண்டு முறை தேய்த்தும் பச்சை முழுதாகப் போகவில்லை. பிழிந்து கொடியில் போட்டேன். பிறகு, கைகளைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் அப்பா வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

கிளிப்பை என் கையில் வைத்தாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. மார்ச்சில் அன்றைக்கு நான் சொன்னது மாதிரியே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.