சிவப்பு நூல் கட்டிய பருத்தி

1984, தை மாதம், செவ்வாய். சங்கரன்கோவில்.

குருவிகுளம் காட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டேன். பருத்திப் பூ விரிந்த அன்றே காம்பில் சிவப்பு நூல் கட்டினால்தான் பிறகு காயின் வயது தெரியும். என் ஆராய்ச்சிக்கு ஒரு வரிசையில் சில பூக்களுக்கு மட்டும் கட்டியிருந்தேன். நிலத்துக்காரி பேச்சியம்மா அக்கா, கண்ணேறு படாமலிருக்கக் கட்டியது என்று நினைத்து, மிச்சத்துக்கெல்லாம் தானும் சிவப்பு நூல் கட்டிவிட்டாள்.

கோபத்தை அடக்கிக்கொண்டு ஒரு பிஞ்சைக் கீறி, ஈரப் பஞ்சை லென்ஸில் காட்டினேன்.

"இந்த ஒரு இழை முழுசும் ஒரே செல்லு அக்கா. நீளுத வரைக்கும் அதோட சுவரு இளகி இருக்கும். ஆனா வெடிக்காது. பொறவு இறுகிரும். அதுல ஒரு புரதத்துக்கும் பங்கு இருக்குன்னு நெனைக்கோம்."

எத்தனை தடவை சொன்னாலும் எனக்கே புல்லரிக்கிறது.

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீண்டது போதும், இனி இறுகுன்னு அதுக்கு யாரு டீச்சர் சொல்லுதா?"

அது எனக்கும் தெரியாது. அதைத் தேடித்தான் நூல் கட்டுகிறேன் என்றேன்.

"என் முடிச்சு எனக்குத் தெரியாதா?" என்று தான் கட்டியதையெல்லாம் அவளே அவிழ்த்தாள். ஓரத்துச் செடியில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டாள்.

"இது கெடக்கட்டும். ஒங்க வேலைக்கும் கண்ணு படக்கூடாதுல்லா."