குதிகாலால் தட்டிப் பார்த்த பனி

அல் கூஸ் கேம்ப், துபாய்
11.1.2026, ஞாயிறு

என் தங்கம் பானுப்பிரியாவுக்கு,

போன்ல பேசுனா நீயும் கத்துற, நானும் கத்துறேன், கடைசியில உங்கம்மா நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கத்துறா. அதான் தாள்ல எழுதிட்டேன். ரூம்ல கூட இருக்குற நுஃமான் இதைப் போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்புவான். உங்க முகாம்ல ஞாயித்துக்கிழமை மட்டும் போனைத் திருப்பிக் குடுப்பாங்களாமே, அப்பப் படி.

கமுதியில பொறந்த பிள்ளைக்கு இமயமலையில, அதுவும் இந்தக் குளிர்ல, மலையேத்தப் பயிற்சி எதுக்குத் தாயி? நுஃமானைக் கேட்டா என்னையத்தான் திட்டுறான். "ஏழு வயசுலருந்து பனியில நின்னு போட்டோ அனுப்பி அந்தப் பிள்ளையைக் கெடுத்தது யாருண்ணே?" அவன் சொல்றதும் நெசந்தான். வெளிய பூராம் பாலைவனம், நான் மாலுக்குள்ள இருக்குற பனிச்சறுக்கு அரங்குல பதினாலு வருஷமா வண்டி ஓட்டிப் பனியை நிரவிக்கிட்டு இருக்கேன்.

ஒண்ணு மட்டும் மறந்துராத. தினமும் கதவு தொறக்குறதுக்கு முன்னாடி பூட்ஸ் குதிகாலால பனியைத் தட்டிப் பாப்பேன். டொக்கு டொக்குன்னு கேட்டா, யல்லா, ஆளை உள்ள விடலாம். பொதபொதன்னு இருந்தா மாஃபி, ஒருத்தரையும் விடக் கூடாது. அங்கயும் அதே பனிதான். அனுபவஸ்தன் சொல்றேன், கேட்டுக்க.

உன் மேல உசுரை வச்சிருக்கிற
அப்பா கார்மேகம்


பயிற்சி முகாம், இமாச்சல்
18.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். மூக்கு மட்டும் தக்காளி மாதிரி சிவந்துபோச்சு. தினமும் ராஜ்மா, சாம்பாரோட முகமே மறந்துபோச்சு.

இங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும். நீங்க வச்ச பேரு போய், 'துபாய் பனிக்காரர் மக'ன்னு ஆயிடுச்சு. டெண்ட்ல என்கூடத் தங்குற அருணா, ஓசூர்ப் பொண்ணு, உங்க லெட்டரைப் பிடுங்கிப் படிச்சா. "எங்கப்பா எனக்கு ஒரு வரி எழுதினதில்லடி"ன்னு பொறாமை.

எங்களுக்குப் பயிற்சி குடுக்கிற டோல்மா மேடம் ஒவ்வொரு சரிவுலயும் ஏறுறதுக்கு முன்னாடி குழி தோண்டி, உள்ள இருக்கிற பனியைப் பாக்கச் சொல்றாங்க. ஒரு குழிக்கு அரைமணி நேரம், முதுகு கழண்டு போகுது. உங்க குதிகால் வித்தைக்கு ரெண்டு நிமிஷம் போதும்ப்பா!

வியாழக்கிழமை எங்க குழுவுக்கு நான்தான் லீடர். பிப்ரவரி நாலாம் தேதி கடைசி ஏத்தம், பதினஞ்சாயிரம் அடி. அதுக்குள்ள 'போயிட்டு வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொல்லாம போக எனக்கு மனசு வரல.

உங்கள்
பானு


அல் கூஸ்
18.1.2026

தாயி,

'பனிக்காரர் மக'ன்னு படிச்சுட்டுக் கேம்ப் பூரா ஓடிஓடிக் காட்டிட்டேன். நுஃமான் டீ வாங்கிக் குடுத்தான். ஆனா அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேக்காத. ரெண்டு தடவை எழுதி, ரெண்டு தடவையும் அடிச்சுட்டேன். கோவிச்சுக்கிறாத.

அப்பா


பயிற்சி முகாம்
25.1.2026

அன்புள்ள அப்பா,

நான் நல்லா இருக்கேன். இதை ரெண்டு தடவை படிச்சுட்டு மீதியைப் படிங்க.

மூணு நாளா காத்து அடிச்சு மேல்பனி இறுகிக் கிடந்துச்சு. வியாழக்கிழமை மேடம் அடுத்த குழுவோட பின்னாடி வந்தாங்க; ஏறுறதுக்கு முன்னாடி குழி தோண்டலாம்னு அருணா சொன்னா. நான் குதிகாலால தட்டினேன். டொக்குன்னு கேட்டுச்சு. "எங்கப்பா பதினாலு வருஷம் பனியில இருக்காரு, வாங்க போகலாம்"னு சொன்னேன். பாதிச் சரிவுல காலுக்கடியில 'உம்'முனு ஒரு சத்தம். மேல நீளமா ஒரு விரிசல் ஓடுச்சு. அடுத்த நொடி சரிவே பாளம் பாளமா நகர்ந்துடுச்சு. நான் ஓரத்துல நின்னேன், இடுப்பு வரைக்கும்தான் புதைஞ்சேன். அருணாவைக் காணோம்ப்பா.

நாங்க எல்லாரும் நெஞ்சுல சிக்னல் குடுக்கிற கருவி கட்டியிருப்போம். அதை வச்சுத் தேடித் தோண்டினோம். எட்டு நிமிஷம் ஆச்சு. முகம் நீலம் பாரிச்சிருந்துச்சு, மூச்சு இருந்துச்சு. ரெண்டு விலா எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கா. பிழைச்சுட்டா.

டோல்மா மேடம் திட்டவே இல்ல. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி உடைஞ்ச இடத்தைக் காட்டினாங்க. மேல பலகை மாதிரி கெட்டி, அடியில சர்க்கரை மாதிரி உதிரி. நிலத்துச் சூட்டுல அடிப்பனி உதிரியாயிடுமாம். கெட்டியா இருக்கிறதுதான் மொத்தமாப் பேந்து வருமாம். உங்க அரங்குல தரைக்கடியில குளிர்க் குழாய் ஓடுது, அதனால பனி அடியோட ஒட்டிக்கிடுது, இங்க அப்படி இல்லன்னு சொன்னாங்க.

நாலாம் தேதி ஏறணுமா, வீட்டுக்குப் போகணுமா, நீயே முடிவு பண்ணுன்னுட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு. உங்க மேல கோவமா இருக்கேனான்னுகூடத் தெரியல. ஆறு மணிக்குப் போனைத் திருப்பி வாங்கிடுவாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

பானு


அல் கூஸ்
25.1.2026, மதியம் மூணு மணி

தாயி,

பாதிக்கு மேல கண்ணு மறைச்சிருச்சு, மீதியை நுஃமான்தான் வாசிச்சுக் காட்டினான்.

கோவப்படு. நல்லாக் கோவப்படு. குதிகாலால தட்டுனாப் போதும்ங்கிற புத்தி உன்னுது இல்ல, என்னுது. அருணாவோட அப்பா நம்பரை உடனே அனுப்பு. அவர் என்னைய என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன், அவருக்கு அந்த உரிமை இருக்கு.

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். இந்தப் பதினாலு வருஷத்துல வானத்துலருந்து பனி விழுந்து நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. நாங்க தண்ணியைப் பீச்சிப் பனி பண்ணுறவங்க. ஒரே சரிவு, ஒரே குளிர், மேல தகரக் கூரை. காத்து கிடையாது, வெயில் கிடையாது. கேம்புல 'பனி இஞ்சினியர்'னு கூப்பிடுவானுக, அந்தப் பவுசுல பெத்த மகளுக்கு உபதேசம் பண்ணிட்டேன்.

வீட்டுக்குப் போயிருன்னுதான் முதல்ல எழுதினேன். எழுதின தாளைக் கிழிச்சுட்டேன். பாதியில வந்தா நீ காலம் பூரா அந்தச் சரிவுலயே நிப்ப. மேடம் சரின்னு சொன்னா, போயிட்டு வா. ஒவ்வொரு இடத்துலயும் குழி தோண்டு, முதுகு போனாப் போகட்டும். பிடிக்கலைன்னா திரும்பிரு. திரும்பி வந்தவளைப் பாத்து எவனாவது சிரிச்சா எனக்குச் சொல்லு.

சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டேன், குடுத்துட்டான், கலாஸ், அது முடிஞ்சது. டிக்கெட் மதுரைக்கு இல்ல, டெல்லிக்கு. உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், மன்னிச்சுக்க. ஒரு மணி நேரம் அழுதா, திட்டினா, இப்ப ஸ்வெட்டர் யார்கிட்ட இரவல் வாங்குறதுன்னு கேக்குறா. நீ எறங்கி வர்ற அன்னைக்கு அடிவாரத்துல நிப்போம்.

அங்க எங்க கால் வைக்கலாம், எங்க வைக்கக் கூடாதுன்னு நீ சொல்லு தாயி. நான் வாயே தொறக்க மாட்டேன்.

உன் அப்பா
கார்மேகம்