மழை கலந்த கேசட்

பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்ததுமே தேயிலைத் தூள் வாசனை வந்தது. கேசட்டுகளுக்கு ஈரம் பிடிக்கக் கூடாதென்று நீ துணியில் முடிந்து போட்ட தூள். புது வீட்டுக்குச் சாமான் மாற்றியபோது உன் மனைவி புஷ்பம் இதை என்னிடம் தந்தாள். நீ செத்துப்போய் எட்டு மாதமாகிறது. இன்னும் உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

டின்னில் பதினேழு கேசட்டுகள். எல்லாம் ஒரே வெளிநாட்டு சைக்கடெலிக் ராக் பேண்டின் மேடைக் கச்சேரிகள். கம்பெனி வெளியிட்டவை அல்ல. கூட்டத்தில் யாரோ சட்டைக்குள் ரெக்கோடரை ஒளித்துப் பதிந்து, அது கைமாறிக் கைமாறி கொழும்பு வந்து, அங்கே வேலை பார்த்த உன் மாமா மகன் வழியாகக் கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து சேர்ந்தவை. ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பிராவில், இருந்த அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏந்தம்பி, நாள் பூரா ஒரே பாட்டத்தான் போடுவீங்களா?"

"இல்லக்கா, நேத்து போட்டது வேற ஊரு, இது வேற ஊரு. நல்லா கேளுங்க, நடுவுல தடம் மாறிப் போறாங்க," என்றாய் நீ. அக்கா நம்மை நினைத்து உண்மையாகவே கவலைப்பட்டார்.

பிரதி எடுக்க நம்மிடம் வயர் கிடையாது. ஒரு ரெக்கோடரில் பாட்டை ஓடவிட்டு, அதன் ஸ்பீக்கருக்கு நேரே இன்னொன்றின் மைக்கை வைப்போம். ஒருவர் மெஷின் பக்கம், மற்றவர் வாசல் காவல். இருமக்கூட முடியாது. முறை போட்டு இடம் மாறிக்கொள்வோம். அப்படி எடுத்த ஒன்றில் தகரக் கூரை மழைச் சத்தம் முழுதாக விழுந்துவிட்டது. கண்டியில் இருந்த ஒரு நண்பருக்கு அதை அனுப்பியபோது, "லேபிள்ல உள்ளத உள்ளபடி எழுது," என்றாய். நான் எழுதினேன்: மைக் வைத்துப் பதிந்தது, மழை எங்களுடையது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதன் இன்னொரு பிரதி இந்த டின்னில் இருந்தது. டின்னைத் தரும்போது புஷ்பம் கேட்டது ஒன்றைத்தான். "அண்ணே, அவரு பேசுனது எங்கயுமே இல்ல. ரெக்கோட் பண்ண போனத் தூக்குனாலே மூஞ்சியத் திருப்பிக்குவாரு. இதுல எதுலயாச்சும் இருக்கா?"

பதினேழையும் கேட்டேன். மழைக் கேசட்டில் கிட்டார் தாழ்ந்து போகும் இடத்தில் ஒரு குரல்: "டேய், கதவ சாத்துடா. மழ உள்ள வருது." அவ்வளவுதான். சந்தோஷத்தில் யோசிக்காமல் அதை மட்டும் போனில் ஏற்றி அவளுக்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அவரேதான் அண்ணே." இப்போதெல்லாம் தினமும் விளக்கேற்றி முடித்ததும் போட்டுக் கேட்கிறாளாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்தச் சொன்னவன் மெஷின் பக்கம் இருந்தவன். அன்றைக்கு அங்கே இருந்தது யார்? நீயா, நானா? வாசலில் நனைந்துகொண்டு நின்றதாக ஒரு நினைவு. மெஷின் பக்கத்தில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்ததாகவும் ஒரு நினைவு. இரண்டும் ஒரே நாளாக இருக்க முடியாது. குழம்பிக் குழம்பி, நேற்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் அதே வார்த்தைகளை என் போனில் பேசிப் பதிந்து கேட்டேன். குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருக்கிறது. மற்றபடி அச்சு அசல்.

அதனால் அது நான்தான் என்று ஆகிவிடுமா? "அவங்கூட சேந்து நீயும் அவன மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுற," என்று அம்மா அப்போதே திட்டுவாள். அந்த இழுப்பு இன்னும் என்னை விடவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் அதிலேதான்.

புஷ்பத்திடம் சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நாளைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அந்தக் கேசட் குரலேதான் என்று அவளுக்கும் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.